தேசி மரத்துக்குக் கவ்வாத்து

வண்ணத்துப்பூச்சிகளை வரவழைக்க நான் முதலில் நட்டது பூச்செடிகள். இதைவிட மடத்தனம் வேறில்லை. மாத்தளை டவுனுக்கு வெளியே வீடு கட்டிக் குடிவந்த கையோடு, தம்புள்ளை ரோட்டில் செடி விற்கிற இடத்தில் ஜீனியாவும் வெட்சியும் வாங்கி வந்து வைத்தேன். பூச்சிகள் வந்தன, தேனைக் குடித்தன, போயின. மொய் வைக்காமல் பந்தியில் மட்டும் உட்கார்ந்து எழுந்து போகிறவர்கள் மாதிரி. ஒன்றுகூட முட்டையிடவில்லை. முட்டையிட அவற்றுக்குப் பூ வேண்டாம், புழு தின்ன இலைதான் வேண்டும் என்பதை, பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு யாரோ போனில் அனுப்பிய வீடியோ சொல்லித்தர வேண்டியிருந்தது.

பிறகு வேலியோரம் வரிசையாகத் தேசி எலுமிச்சையும் கறிவேப்பிலையும் நட்டேன். இரண்டு வருஷத்தில் பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் தேடி வந்தன. பறவை எச்சம் போலக் கிடந்த புழுக்கள் பச்சையாகக் கொழுத்து, இலைகளை மொட்டையடித்துவிட்டு, கிளைகளில் கூட்டுப்புழுவாக ஒட்டிக்கொண்டன. ஒன்றாவது கூட்டை உடைத்து வெளியே வருவதைக் கண்ணால் பார்த்தே தீரவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. காலையில் பல் துலக்குமுன் வேலிக்கு ஓடுவேன்.

அப்பாவுக்கு இது தாங்கவில்லை. எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்று என்னோடு வந்திருந்தார். தோட்டத்து லய வீட்டைவிட்டு இறங்கிவிட்டாரே தவிர, மலை அவரைவிட்டு இறங்கவில்லை. எந்தச் செடியும் இடுப்புக்கு மேல் வளர்ந்தால் அவருக்குக் கை துறுதுறுக்கும். வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாகப் பறந்தால் சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகிறதென்று கையெடுத்துக் கும்பிடுவார். அதே பூச்சியின் புழுவைச் செருப்பால் தேய்ப்பார். அவருடைய பக்தி கிடைக்கச் சிறகு முளைத்திருக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வேலி முழுவதும் இடுப்பளவுக்குச் சீராக வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய கிளைகளைக் குவித்து நெருப்பும் வைத்திருந்தார்.

"செடி இளைச்சுப் போச்சு புள்ள. தேயிலைக்கு வெட்டுற மாதிரியே கவ்வாத்து வெட்டிட்டேன்," என்றார், தோட்டத்துத் துரையிடம் நல்ல பேர் வாங்க நிற்கிறவர் போல.

"உங்களுக்கு வெட்டத்தான் தெரியும். ஒண்ண வளக்கத் தெரியுமாப்பா?"

என்னை வளர்த்த மனிதரிடம் கேட்டேன். அவர் கத்தியைக் கழுவப் போனார்.

நெருப்பு படாத கிளையொன்றில் ஒரே ஒரு கூட்டுப்புழு மிஞ்சியிருந்தது. அவர் கண்ணில் படக்கூடாதென்று அதைக் கிளையிலிருந்து பிய்த்தெடுத்து, ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துப் படுக்கப்போட்டேன். மூடியில் ஓட்டை போட்டு என் அறையில் வைத்தேன். அப்பாவோடு பேச்சை நிறுத்தினேன்.

ஒன்பதாம் நாள் காலையில் பூச்சி வெளியே வந்தது. வந்ததும் எதையாவது பிடித்துத் தொங்கினால்தான் அதற்குச் சிறகு விரியும். இது கண்ணாடியில் ஏறப் பார்த்து வழுக்கி வழுக்கி விழுந்திருக்கிறது. நான் எழுந்து பார்த்தபோது சிறகுகள் சுருண்டபடியே காய்ந்துபோயிருந்தன. பி.எஸ்சி. படித்தவள் வளர்த்த லட்சணம்.

அப்பா பின்னால் வந்து நின்று போத்தலுக்குள் பார்த்தார்.

"நா வெட்டுனது துளிர் விட்டுரும்," என்றார். "இது?"

வெளியே கொண்டுபோய்த் தேசி மரத்தடியில் விட்டேன். அது மண்ணில் நடந்தது. எறும்புகள் வருமுன் நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.