கஸ்பர் அண்ணையின் பச்சைப் போத்தல்

"திறப்பு முதல், கிளாஸ் பிறகு" என்றபடி கஸ்பர் அண்ணை காலி ஐஸ்கிரீம் டப்பாவை நீட்டுகிறார். சுற்றி நிற்கும் ஆறு ஆண்களும் தங்கள் கார்ச் சாவிகளை அதற்குள் போடுகிறார்கள். அவருடைய மனைவி றோஸ்மலர் வந்து டப்பாவை மண்டபத்துக்குள் எடுத்துப் போவார். திறப்புகள் அந்தந்த மனைவிமாரின் கைப்பைக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான், துவாய்க்குள் சுற்றிக்கிடக்கும் பச்சைப் போத்தல் வெளியே வரும்.

லண்டனில் எங்கள் ஆட்களின் பிறந்தநாள், கலியாணம் எதுவானாலும் மண்டபத்துக்குள் குடிவகை பரிமாறுவது குறைவு. சாப்பாட்டுக்கு முன் ஆண்கள் ஒவ்வொருவராக "காருக்குள்ள ஒரு சாமானை விட்டிட்டன்" என்று எழும்புவார்கள். வெளியே, கார் நிறுத்துமிடத்தின் மூலையில், ஒரு காரின் பின்கதவு மேலே தூக்கியிருக்கும். விஸ்கி, கடதாசிக் குவளை, மிக்சர் பை. பெரும்பாலான கார்களில் அவ்வளவுதான்.

கஸ்பர் அண்ணையின் காரில் வெள்ளைத் துணி விரித்திருக்கும். அதன்மேல் தண்டுள்ள கண்ணாடிக் குவளைகள், ஓட்டை போட்ட தட்டைக் கரண்டிகள், சீனிக்கட்டிப் பெட்டி, ஐஸ்தண்ணீர் நிறைந்த பிளாஸ்க். சட்டைக் கையைச் சரியாக இரண்டு மடிப்பு மடிப்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். "நேரம் பாத்துக்கொண்டு ஊத்தினா முன்னுக்கு நிக்கிறவன் வாய் திறவான்" என்பது அவருடைய தொழில் ரகசியம்.

மன்னாரிலிருந்து வந்தவர். பாடிங்டன் பக்கம் ஒரு ஹோட்டல் பாரில் இருபத்திரண்டு வருடம். கிளாஸ் கழுவத் தொடங்கி இன்று பாரின் மூத்த கை. அப்சிந்த் என்னும் இந்தப் பச்சைக் குடியை அங்கேதான் பழகினார். குடித்தால் பச்சைத் தேவதையைப் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு வெள்ளைப் பிள்ளைகள் கூட்டமாக வந்து கேட்பார்களாம். "இவ்வளவு காலமா ஊத்துறன், ஒரு தேவதையும் வந்து எனக்கு டிப்ஸ் தரேல்ல" என்பார். சீனிக்கட்டிக்கு நெருப்பு வைத்துக் காட்டும் பார்க்காரர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. "அது சர்க்கஸ். இது தண்ணியின்ர வேலை. சொட்டுச் சொட்டா விழவேணும்."

அந்தத் தண்ணீர் விழுவதைப் பார்க்க வேண்டும். குவளையின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பச்சை. மேலே கரண்டி, கரண்டியில் சீனிக்கட்டி. பிளாஸ்க்கை அவர் சாய்க்கிற சாய்ப்பில் தண்ணீர் நூலாகக்கூட வராது, துளித்துளியாகத்தான் வரும். சீனி கரைந்து இறங்க இறங்க, பச்சைக்குள் வெள்ளைப் புகை புறப்பட்டு, கடைசியில் குவளை முழுவதும் பால் கலங்கியது போல் ஆகிவிடும். பத்து வருடமாகப் பார்க்கிறேன். அந்த மணிக்கட்டின் மீது எனக்கு இன்னும் எரிச்சல் போகவில்லை.

முதல் முறை குவளையை மணந்து பார்த்தபோது, எங்கள் கூட்டத்தில் இளையவனான சுஜீத் முகத்தைச் சுளித்தான். "என்ன அண்ணை, மனுசியின்ர தூள்ப் போத்தல் மணக்குது?"

"பெருஞ்சீரகமடா. பாதி உன்ர கறிச்சரக்குத்தான். மிச்சப் பாதிதான் ஆளை மாத்தும்."

பிறகு கதை தொடங்கும். பிரான்சில் நூறு வருடத் தடை. குடித்தவனுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று அரசாங்கமே பயந்தது. "இல்லாததெல்லாம் காணுவான், உள்ளதெல்லாம் சொல்லுவான். அதுதான் இதின்ர குணம்." முதல் பாதி உலகம் முழுக்கச் சொன்னது. இரண்டாம் பாதி கஸ்பர் அண்ணை தானாகச் சேர்த்தது.

நான் மருந்தாளர். ஈஸ்ட் ஹாமில் ஒரு மருந்துக் கடையில் வேலை. இதைப் பற்றி இரண்டு இரவு இருந்து வாசித்திருக்கிறேன். அதில் போடும் கசப்பு மூலிகையில் மூளையைக் குழப்பும் சத்து ஒன்று உண்டு என்பது உண்மை. ஆனால் போத்தலில் இருப்பது கணக்கில் எடுக்க முடியாத அளவு. அந்தக் காலத்தில் பைத்தியமானவர்கள் மலிவான கலப்படச் சாராயத்தை நாள் முழுக்கக் குடித்தவர்கள். இது அறுபத்தெட்டு வீத மதுசாரம், கொஞ்சம் வாசனை. அவ்வளவுதான்.

ஆனாலும் அந்தக் காரைச் சுற்றி நடப்பது நடந்துகொண்டே இருந்தது. மாதா கோயில் பாடகர் குழுவின் தலைவர் ஜெராட், பதினெட்டு வருடமாக இரண்டு பாட்டுக்குச் சொல் தெரியாமல் வாயை மட்டும் அசைப்பதாக அங்கேதான் ஒப்புக்கொண்டார். 'ஓம்' என்பதற்கு மேல் பேசாத நிஷாந்தன், வேலை போய் நாலு மாதமாக வீட்டில் சொல்லாமல் காலையில் பூங்காவில் இருப்பதைச் சொல்லி அழுதான். யாரும் அதிர்ச்சியடையவில்லை. "பச்சை வேலை செய்யுது" என்றார்கள். கஸ்பர் அண்ணை துளித்துளியாகத் தண்ணீர் விட்டபடி கேட்டுக்கொண்டு நின்றார். கிளாஸுக்கு முன்னால் சொன்னதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அவருடைய இரண்டாவது சட்டம் அது.

என்னிடமும் ஆட்கள் வருவார்கள். சட்டையைத் தூக்கிச் சொறியைக் காட்டுவார்கள். காலை நீட்டி வீக்கத்தைக் காட்டுவார்கள். மனதில் உள்ளதை மட்டும் பாடிங்டன் பார்க்காரரிடம் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். என் மனைவி சயந்தினி இதை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டாள்: "கஸ்பர் அண்ணை வந்தா இடம் கலகலக்கும். நீங்கள் வந்தா எல்லாரும் லட்டை ஒளிக்கினம்."

அதையும் பொறுத்திருப்பேன். என் அண்ணன் கனகலிங்கம் விஷயத்தில்தான் பொறுக்க முடியவில்லை.

அவர்தான் என்னைப் பதின்மூன்று வயதில் இங்கே கூப்பிட்டு வளர்த்தார். தொண்ணூற்றாறில், இடம்பெயர்ந்திருந்த அப்பா வவுனியாவில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து கூப்பிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அண்ணைதான் பேசினார். அடுத்த மாதம் அப்பா இறந்துவிட்டார். அன்று என்ன சொன்னவர் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். எப்போதும் ஒரே பதில்: "லைன் சரியில்லை. ஒண்டும் கேக்கேல்ல."

போன வருடம் குட்மேய்ஸில் ஒரு பிறந்தநாள். படம் எடுக்க அண்ணையைக் கூப்பிடப் போனேன். அவர் கஸ்பர் அண்ணையின் தோளில் கை போட்டு நின்றார். நீரிழிவுக்காரர் என்பதால் அவருக்குச் சீனி கிடையாது. ஆனாலும் கரண்டி வைத்தே தீர வேண்டும் என்று கேட்பார், வெறும் கரண்டி ஓட்டைகளுக்குள்ளால்தான் தண்ணீர் விழும். "அப்பா அண்டைக்குப் போனில மூண்டு தரம் தம்பியின்ர பேரைச் சொல்லி…" என்பது வரைக்கும் காதில் விழுந்தது. என்னைக் கண்டதும் நின்றுவிட்டது.

கஸ்பர் அண்ணையை அடுத்த நாளே தொலைபேசியில் பிடித்தேன்.

"என்ன சொன்னவர்?"

"தம்பி, அது கிளாஸோட போயிட்டுது."

"என்ர அப்பா, அண்ணை. உங்கட அப்பா இல்லை."

"அதுதான் தம்பி. என்னட்டக் கேக்காதையும்."

என் அப்பாவின் கடைசிப் பேச்சு, அவர் முகத்தைக்கூடக் காணாத ஒருவரிடம் இருந்தது. அவர் அதை வைத்துக்கொண்டு அடுத்த நாளும் வேலைக்குப் போய் எலுமிச்சம்பழம் வெட்டியிருப்பார்.

எட்மண்டனில் ஒரு முதல்நன்மை விருந்து வந்தது, கஸ்பர் அண்ணையின் தங்கையின் மகள் மெலனி கோயிலில் முதல் தரம் நற்கருணை வாங்கியதற்கு. பகல் ஒரு மணி, நல்ல வெயில். நான் காரடியில் போய் நின்றேன். ஐஸ்கிரீம் டப்பா என்னைத் தாண்டிப் போனது. "பாமசி குடிக்காது" என்று யாரோ சிரித்தார்கள். கஸ்பர் அண்ணை பிரான்சுத் தடைக் கதையைத் தொடங்கியதும் நான் வாயைத் திறந்தேன். சத்தின் அளவு, சட்டம் விடும் எல்லை, கலப்படக் கதை, எல்லாம் சொன்னேன். "இதில ஒண்டும் இல்லை. ஆளைக் கதைக்க வைக்கிற மருந்தெல்லாம் இல்லை. வெறும் சாராயம்" என்று முடித்தேன். அவருடைய முகம் மாறுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாறவில்லை. மாறியது அண்ணையின் முகம்.

"அப்ப நான் கதைச்சதெல்லாம்… நான்தானோ?" என்று கேட்டார்.

குவளையைத் துணிமேல் வைத்துவிட்டு உள்ளே போனார். ஜெராட் தொண்டையைச் செருமினார். நிஷாந்தன் மனைவியிடம் தன் திறப்பைக் கேட்டு வாங்கப் போனான். அன்று அந்த மூலையில் கிரிக்கெட் மட்டும்தான் பேசினார்கள்.

அதன் பிறகு வந்த இரண்டு விழாவிலும் அண்ணை முழங்கால் நோவென்று மண்டபத்துக்குள்ளேயே இருந்துவிட்டார். கஸ்பர் அண்ணை என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் அண்ணையின் குவளையை எடுத்து வைத்து, வெறும் கரண்டியை அதன்மேல் குறுக்கே போட்டு, கடைசியில் ஈரம் படாத குவளையைத் துடைத்துத் திரும்பவும் சுற்றி வைத்தார். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். என் அண்ணனுக்காகக் காத்திருப்பதில்கூட அவர் என்னை முந்திவிட்டார்.

சென்ற மாதம் ஈஸ்ட் ஹாமில் ஒரு மதிய விருந்து. வெளியே போனபோது அண்ணை காரடியில் நின்றார். கஸ்பர் அண்ணை அவரைத் தானே போய்க் கூட்டிவந்தாராம். வேறு ஒருவரும் இல்லை.

"கனகண்ணை, எங்கட பாருக்கு வாற வெள்ளையளும் போனில எல்லாம் வாசிச்சுப்போட்டுத்தான் வாறாங்கள். தேவதை ஒண்டும் வராது எண்டு அவங்களுக்குத் தெரியும். எண்டாலும் வந்து நிக்கிறாங்களே."

அண்ணை சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீ படிச்சவன். நீ சொல்லு. உண்மையா இது ஒண்டும் செய்யாதோ?"

எனக்குப் பதில் தெரியும். மில்லிகிராம் கணக்கில் தெரியும்.

"அண்டைக்கு நான் சொன்னது கடைச் சரக்கைப் பற்றி" என்றேன். "இந்தப் போத்தலைப் பற்றி எனக்குத் தெரியாது அண்ணை."

கஸ்பர் அண்ணை ஐஸ்கிரீம் டப்பாவை என் முன்னால் நீட்டினார். திறப்பைப் போட்டேன். இரண்டு குவளையில் பச்சையை ஊற்றி, இரண்டிலும் கரண்டி வைத்தார். ஒன்றில் சீனி, மற்றது வெறுமை. பிளாஸ்க்கை என் கையில் தந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்சம் சாய்த்துவிட்டார். முதல் துளி விழுந்தது. அண்ணை குவளையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா அண்டைக்கு எடுத்தவுடன…" என்று தொடங்கினார்.

கஸ்பர் அண்ணை என் மற்றக் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நடந்துபோய் மண்டப வாசலை மறித்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, வெளியே வந்த ஜெராட்டை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே திருப்பி அனுப்பினார்.