மகேஸ்வரி அக்கா எழுதிய ஐந்தாம் பக்கம்

நம் சென்டரில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். டிப்ளோமா படிக்க வரும் தொழிலாளிகள், வேலையிடத்தில் ஏற்கெனவே கற்றுக்கொண்டதை எழுதி, சான்றுகளோடு கோப்பாகக் கொடுக்கலாம். அதுதான் போர்ட்ஃபோலியோ. மதிப்பீட்டாளர் நேர்காணல் செய்து ஒப்புக்கொண்டால் அந்தப் பாடத்துக்கு கிரெடிட் கிடைக்கும். வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. கோப்பைத் தயாரிக்க உதவுவது நம் வேலை. நான் ஒன்றைக் கெடுத்தேன். அந்தக் கதை இது.

1. மழை நாள்

நான் சேர்ந்து நாலு மாதம். கையில் டிகிரி, வாயில் ஆங்கிலம், தலையில் கனம்.

மகேஸ்வரி அக்கா பாசிர் கூடாங் துறைமுகப் பக்கம் ஒரு பாமாயில் ஆலையின் லேப்பில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவர். அங்கே சூப்பர்வைசர் போஸ்ட் காலியாகியிருந்தது. டிப்ளோமா இருந்தால்தான் தருவார்கள், அதுவும் வருடக் கடைசிக்குள். தரக் கட்டுப்பாடு பாடத்துக்கு கிரெடிட் கிடைத்தால் அக்காவுக்கு டிப்ளோமா முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் இன்னொரு செமஸ்டர். போஸ்ட் போய்விடும்.

அக்கா கையால் பன்னிரண்டு பக்கம் எழுதி வந்தார். ஐந்தாம் பக்கத்தில் ஒரு மழை நாள். டேங்கின் மேல், நடு, அடி என மூன்று இடத்தில் எண்ணெய் சாம்பிள் எடுக்க வேண்டும். ஏணி வழுக்கியது, எண்ணெய் ஏற்ற லோரி காத்திருந்தது. அக்கா மேலாக மட்டும் மொண்டு, மூன்று பாட்டிலிலும் அதையே ஊற்றி, லேபிள் ஒட்டிவிட்டார். அடியில் தண்ணீர் தங்கியிருந்தது. வாங்கியவர்கள் லோரியை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். யார் தவறு என்று கண்டுபிடிப்பதற்கு முன் அக்காவே மேனேஜரிடம் போய் ஒப்புக்கொண்டார். பிறகு, மழை பெய்தால் லோடிங் நிற்க வேண்டும் என்ற விதியைப் போராடி எழுத வைத்தார்.

“அலமாக், அக்கா! இதப் போயி யாராச்சும் எழுதுவாங்களா? உங்க தலையில நீங்களே மண்ணப் போட்டுக்கிறீங்க லா.”

“நடந்ததுதான தம்பி. அதுக்கப்புறம்தான் எனக்கு வேலையே புரிஞ்சிச்சு.”

“இது போலீஸ் ரிப்போர்ட் இல்லக்கா. நம்மள நாமதான் தூக்கிக் காட்டணும். விடுங்க, நான் பாத்துக்கிறேன்.”

பக்கத்தை எடுத்தேன். அந்த இடத்தில், பத்தொன்பது வருடமும் ஒரு குறை இல்லாத பதிவு என்று பளபளப்பான ஆங்கிலத்தில் எழுதினேன்.

அக்கா படித்துப் பார்த்தார். “இது யாரு தம்பி?”

நான் சிரித்தேன்.

2. தலையசைப்பு

நேர்காணல் ஆன்லைனில். அக்கா லேப்டாப் முன்னால். நான் கேமராவுக்கு வெளியே, எதிர் நாற்காலியில். மதிப்பீட்டாளர் பிஎச்.டி. வாங்கிய ஒரு டாக்டர், தமிழ்ப் பெண்மணிதான். கோப்பைப் புரட்டிவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

“எல்லாம் சரியா செஞ்சிருக்கீங்க. ஆனா எங்கயாச்சும் தப்பு நடந்து, அதுலேர்ந்து ஏதாச்சும் மாத்தியிருக்கீங்களா?”

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கேட்காமலே கேட்டார்.

நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

“இல்ல டாக்டர்,” என்றார் அக்கா.

“ஒண்ணு கூடவா?”

“...இல்ல.”

“வேல செஞ்சது தெரியுதும்மா. கத்துக்கிட்டது எங்கன்னு தெரியலையே.”

கிரெடிட் கிடைக்கவில்லை. நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்கம் என் டிராயரில்தான் இருந்தது. சொல்லவில்லை. “அந்த டாக்டர் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டுக்கா,” என்றேன். அதோடு விட்டேனா? பாஸுக்குக் கொடுக்கும் அறிக்கையில் காரணம் என்ற இடத்தில், ‘விண்ணப்பதாரர் பதற்றம்’ என்று டைப் செய்தேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

3. முதல் பக்கம்

போஸ்ட் வேறொருவருக்குப் போனது. அக்கா ஞாயிறுதோறும் வகுப்புக்கு வந்தார். அவருக்கு இருந்த ஒரே லீவு நாள் அது. கண்ணாடிக் கதவு வழியாக அவர் நோட்டெடுப்பது தெரியும் என்பதால் நான் சுற்றி, பின்பக்கமாக டீ வாங்கப் போவேன்.

ஒருநாள் அவரே என் மேசைக்கு வந்தார். டிப்ளோமாவுக்கு அடுத்து சேரவிருந்த படிப்பில், பாதுகாப்புப் பாடத்துக்கு இன்னொரு போர்ட்ஃபோலியோ. மழை நாளைப் புதிதாகக் கையால் எழுதி, முதல் பக்கமாக வைத்திருந்தார்.

“இங்கிலீஸ் மட்டும் பாருங்க தம்பி. வேற எதையும் தொடாதீங்க.”

“அக்கா, அன்னைக்கு நான்...”

“தெரியும். நானும்தான உங்க தலையப் பாத்தேன். என் வாய்தான சொல்லிச்சு.” சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். பழியில் பாதியை அவர் எடுத்துக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றே பாஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கத்து கத்தென்று கத்தினார். கடைசியில், “சரி, அந்த வரிய அழிச்சிட்டு சரியானத போடு,” என்றார்.

அழிக்கவில்லை. ‘விண்ணப்பதாரர் பதற்றம்’ அக்காவின் கோப்பில் இன்னும் இருக்கிறது. அதற்குக் கீழே நடந்ததை எழுதி, என் பெயர் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். உங்கள் முதல் விண்ணப்பதாரர் உள்ளே வருவதற்கு முன்னால் அதைப் படித்துவிடுங்கள். பிறகு, எங்கே தவறினீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள்.