மலர்விழி மேடம் செய்யாத தவறு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பண்ருட்டியில் நான் பஸ் மாறும்போது மலர்விழி மேடத்தின் கணவர் போன் செய்தார். "மலரு போயிட்டா, தம்பி." நின்ற இடத்திலேயே அழுதேன். அழுகை அடங்குவதற்குள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் பழைய மேலாளரின் இரங்கல் வந்து விழுந்தது: "ஒரு பெரிய தவறு செய்தாலும், நல்ல உழைப்பாளி." அந்த ஆத்திரத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

செம்மங்குப்பத்தில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையின் கணினி நெட்வொர்க் முழுவதும் மேடத்தின் பொறுப்பு. கடலூர்க் கரையோர மீனவக் குடும்பத்தில் பிறந்து சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவர். "இது ஆம்பளைங்க வேல மேடம்" என்று ஒருவர் சொன்னதற்கு, "அப்ப நீங்க மாட்டுனத நான் ஏன் கழட்டி மாட்டிக்கிட்டு இருக்கேன்?" என்று கேட்டவர்.

ஓர் ஆயுத பூஜை. ரவுட்டர், கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டி எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி தின்றுவிட்டு வீடு திரும்பினோம். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் நெட்வொர்க் செத்துக் கிடந்தது. வெளியிலிருந்து வந்த ஆட்கள் எல்லா வயரையும் பிடுங்கி, தேவையானதை மட்டும் திரும்ப மாட்டியதும் சரியானது. ஏன் கெட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. மேலாளர் பழியை மேடம் சுவிட்சுகளில் எழுதி ஏற்றிய கான்ஃபிகரேஷன் கட்டளைகள் மீது போட்டு மன்னிப்புக் கடிதம் கேட்டார்.

"என் தப்புன்னா கால்லயே விழுறேன் சார். செய்யாத தப்புக்கு ஒரு எழுத்து எழுத மாட்டேன்."

சிதம்பரத்தில் அவர் வீட்டு பீரோ அறை சோதனை லேப் ஆனது. அலுவலகத்தில் இருந்த அதே ரகத்தில் பழைய சுவிட்சுகள் வாங்கி, அதே கான்ஃபிகரேஷனை வரி மாறாமல் ஏற்றினார். ஒரு வரியை மாற்றிப் பார்ப்பார், பழையபடி வைப்பார், அடுத்த வரிக்குப் போவார். எதிலும் அந்தக் கோளாறு வரவில்லை. பிறகு பூஜையன்று கை வைத்தவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு வரச் சொன்னார்.

ஒரு ஞாயிறு என் முறை. "அன்னிக்கு எப்படித் தொடச்சீங்களோ, அப்படியே தொடைங்க" என்றார். துடைத்தேன். ஒரு வயர் முனை தொங்கிக்கொண்டிருந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று, பூஜையன்று செய்தது போலவே, காலி ஓட்டையில் சொருகினேன். எல்லா விளக்குகளும் பேய் பிடித்ததுபோல் மின்னத் தொடங்கின. அந்த வயரின் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. போன தகவலே சுற்றிச் சுற்றி வந்து பெருகி வழியை அடைத்துவிட்டது. அதைத் தடுக்கும் வசதி அந்த மலிவு சுவிட்சில் கிடையாது. மாற்றித் தரும்படி மேடம் முன்பே எழுதிக் கேட்டிருந்தார்.

"அட மனுசா, நீங்கதானா?" கைதட்டிச் சிரித்தார். நான் அப்போது ஒப்பந்த ஊழியன். சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். சிரிப்பு நின்றது.

"நான் காட்டிக் குடுக்க மாட்டேன். நீங்களா வந்து சொல்லணும், சேகர்."

மறுநாள் மேலாளரிடம் அதை அப்படியே செய்து காட்டினார். "சொருகுனவன் பேரச் சொல்லுங்க, நம்பறேன்" என்றார் அவர். மேடம் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. மேடத்துக்குப் பதவி உயர்வு வரவே இல்லை. ஓய்வு பெறும்வரை அவர் நிமிர்ந்துதான் நடந்தார். நான் கோழை.

செவ்வாய் மாலை சிதம்பரத்தில் மேடத்தின் வீட்டுக்கு மேலாளரும் பூமாலையோடு வந்திருந்தார். எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: "அந்த வயரச் சொருகுனது நான் சார். மேடம் இல்ல."

"இப்ப எதுக்குப்பா அதெல்லாம்? வுடு."

"வுட மாட்டேன் சார். குரூப்ல போட்டத அழிங்க."

மேடத்தின் கணவர் மனைவியின் தலைமாட்டில் போய்க் குனிந்து, மெதுவாக, "மலரு, சேகர் வந்து சொல்லிட்டாரு" என்றார்.

போய் வாருங்கள், மேடம். அந்தத் தவறு என்னுடையது. இனி உங்கள் பெயரோடு அதை யார் சேர்த்துச் சொன்னாலும், பதில் சொல்ல நான் இருக்கிறேன்.