இரண்டு மெட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்வரம்

இன்று மெரிலேண்ட்ஸில் பெஹ்ரூஸ் வீட்டில் ஒத்திகை. ஈரானியர். தார் என்ற பாரசீகத் தந்தி வாத்தியம் வாசிப்பவர். சனிக்கிழமை மேடையில் அவருடைய தாரும் என் வீணையும் சேர்ந்து ஒலிக்க வேண்டும்.

அவர்கள் இசையில் ஒரு ஸ்வரம் என் வீணையின் இரண்டு பித்தளை மெட்டுகளுக்கு நடுவே விழுகிறது. தந்தியை இழுத்துப் பிடித்துவிட்டேன். பிடித்த கையோடு, பழக்க தோஷத்தில் அசைத்தும்விட்டேன்.

"அசைக்க வேண்டாம், ப்ளீஸ். அது அப்படியே நிற்கட்டும்" என்றார் பெஹ்ரூஸ் ஆங்கிலத்தில்.

மறுபடி இழுத்தேன். மறுபடி அசைந்தது. சின்ன வயதிலிருந்து ஸ்வரத்தை அசைத்து அசைத்துக் கமகம் பழகிய விரல், சும்மா நில் என்றால் நிற்குமா? "நீங்கள் வேறு யாரையாவது பாருங்கள்" என்று சொல்லிவிட்டு வீணையை உறையில் போடப் போனேன்.

சோபாவில் பிஸ்தா உடைத்துக்கொண்டிருந்த என் கணவர், "இஞ்சாரும், அவரை ஒருக்கா ஆட்டிப் பாக்கச் சொல்லும்" என்றார்.

பெஹ்ரூஸ் ஆட்டினார். தந்தி ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தியது. அவர் மனைவி ஷிரின் உள்ளேயிருந்து ஓடிவந்து, "என்ன உடைந்தது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அதன் பிறகுதான் வழி பிறந்தது. அவர் அந்த ஸ்வரத்தை விடாமல் மீட்டி நேராக நிறுத்தினார். நான் மெல்ல அசைந்தபடி அதனிடம் போய்ச் சேர்ந்தேன். இரண்டும் உரசிய இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

காரில் வரும்போது கணவர் கேட்கிறார்: "அப்ப, ரெண்டு பேரில ஆர் சுருதி விலகினது?"

சனிக்கிழமை வருபவர்கள் கேட்டுச் சொல்லுங்கள். பெஹ்ரூஸ் என்றால் இங்கேயே எழுதலாம். நான் என்றால் இன்பாக்ஸில்.