பதினைந்தாவது ஆள்

சென்ற மாதம் ரேஷன் கடையில் எனக்கு முன்னால் கங்காணியம்மா நின்றிருந்தார். கைரேகை இயந்திரத்தில் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார், ஒன்றும் பதியவில்லை. "இடது கைய வையுங்கம்மா" என்று கடைக்காரர் சலித்துக்கொண்டார். வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அவளை அறைந்திருப்பேன், எனக்கு அந்த யோக்கியதை இருந்திருந்தால்.

இருபது வருடங்களுக்கு முன், கோம்பையிலிருந்து மலை ஏறிக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு எங்களை ஜீப்பில் கூட்டிப்போய் வேலை வாங்கிய கங்காணி அவர். அவரையும் சேர்த்துப் பதினைந்து பெண்கள். காய் எடுப்பதில் அவரை யாரும் முந்தியதில்லை. அந்த விரல்கள்தான் அவருக்குச் சோறு போட்டன.

அந்த வருடம் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுப் பெண் காலனிப் பையன் ஒருவனை விரும்பினாள். பையன் கிணற்றில் மிதந்தான். அடுத்தது அவள்தான் என்பது ஊருக்கே தெரியும். ஊர் வாயைப் பொத்திக்கொண்டது. தப்பி ஓடி வந்தவளை நான்கு நாள் தன் வீட்டு விறகுக் குவியலுக்குப் பின்னால் வைத்துச் சோறு போட்டவர் கங்காணியம்மா மட்டும்தான். பஸ் நிற்கும் இடமெல்லாம் சித்தப்பன்மார் காவல். மலையடிவாரத்தில் எங்கள் ஜீப்பையும் நிறுத்தித் தலைகளை எண்ணினார்கள். குளிருக்கு நாங்கள் முகத்தை மூடித்தான் போவோம். அதை நம்பித்தான் அவர் துணிந்தார்.

"நாளைக்கு நீ வராத. உன் பூட்ஸும் துண்டும் அவளுக்கு வேணும். காய்ச்சல்னு படுத்துக்க, வாசல் பக்கம் எட்டிப் பாக்காத" என்றார் என்னிடம்.

விடியலில் ஜீப் போனது. பதினைந்து தலை எண்ணி விட்டுவிட்டார்கள். வெயில் ஏறியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மலைக்குப் போகாத நாளில் கீழே திராட்சைப் பந்தலுக்குக் கூலிக்குப் போய்விடுவது எங்கள் வழக்கம். பழக்கதோஷம், கத்தரியை எடுத்துக்கொண்டு போய்க் குலை வெட்ட நின்றுவிட்டேன். அன்று வெட்டு நடந்ததோ அந்தப் பெண்ணின் தோட்டத்தில். அறிவு கெட்டவள் நான்.

அவள் சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ ஜீப்புல போறவளாச்சே, இங்கன என்ன செய்யிற? அப்ப அங்கன பதினஞ்சாவது ஆளு யாரு?"

கையில் கத்தரியோடு நான் அங்கே நின்றதே அவருக்குப் போதும். ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பினார்.

அவர்கள் மலை ஏறுவதற்குள் கங்காணியம்மா அவளைக் கேரளத்துப் பக்கம் எங்கோ பஸ் ஏற்றிவிட்டிருந்தார். சாயங்காலம் ஜீப் இறங்கியதும் அவரை இழுத்துப்போட்டு, "அவ எங்க?" என்று வலது கையின் ஒவ்வொரு விரலுக்கும் ஒருமுறை கேட்டுக் கல்லால் நசுக்கினார்கள். மற்றவர்கள் ஜீப்பிலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். அவர் சொல்லவில்லை. ஜீப் கதவில் நசுங்கியதாகக் காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டார்கள். பெண் கடைசிவரை அகப்படவில்லை.

காய் எடுக்க முடியாதவருக்குத் தோட்டத்தில் இடமேது? ஏலத்தோட்டத்துக்காரர்கள் என்னைக் கங்காணி ஆக்கினார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. முதல் நாள் காலையில் அவர் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தேன்.

"நீ பந்தல்ல நின்னத அவுகளே சொன்னாக" என்றார். "விரலு போனதுகூடப் பெருசில்ல ஆத்தா. அவ உசுரு போயிருக்கும். உன்னைய மன்னிக்க எனக்கு மனசு வரல. ஜீப்பு வந்திருச்சு, போ."

எழுந்து போய் அவருடைய சீட்டில் உட்கார்ந்தேன்.