ஓரகத்தி நேரலையில் வந்தாள்

மெத்தைக்காவுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது, வீட்டில் மின்விசிறியை நிறுத்திய அன்றுதான்.

அவள் ஜவுளிக்கடையில் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துண்டும் விற்கிறவள். மெத்தைக்கா என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். மெத்தை மட்டும் அவள் பிரிவில் கிடையாது. வார விடுமுறையில் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவளுக்குத் தலைக்கு மேல் காற்று நின்றது. நிமிர்ந்து பார்த்தால், விசையின் பக்கத்தில் மாமியார்.

“சத்தம் கேக்குதாம். சின்னவ நேரலைல வரப்போறா, பேசாம இரு.”

சின்னவள் என்றால் கொழுந்தன் மனைவி, மெத்தைக்காவின் ஓரகத்தி. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் தலையணையை உறைக்குள் நுழைக்கத் தெரியாமல் கட்டிலோடு மல்லுக்கட்டியவள். இப்போது கைபேசியைத் தாங்கியில் நிறுத்தி, ஊர் உலகத்துக்கே விரிப்பு விற்கிறாள். இதில் கூத்து என்னவென்றால், விளக்கைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றது மெத்தைக்காவின் கட்டின புருஷன். கடைவாசலில் அவள் கையிலிருந்து ஒரு பையை வாங்கிப் பிடித்த மனிதர் இல்லை அவர்.

“அக்கா தங்கச்சிங்களே, சும்மா தடவிப் பாருங்க, வெண்ணெய் மாதிரி இருக்கும்!” என்றாள் சின்னவள்.

கைபேசியில் எங்கே தடவுவது? அது மெத்தைக்கா கடையில் சொல்கிற வார்த்தை. அதைத் திருடினதும் இல்லாமல், தடவ முடியாத இடத்தில் வைத்துத் திருடியிருக்கிறாள். அதற்கும் ஐந்நூறு பேர் இதயம் அனுப்புகிறார்கள். காலையிலிருந்து இரவு வரை நின்றே விற்கிறவளுக்குக் கால் வீங்கியதுதான் மிச்சம். உட்கார்ந்த இடத்தில் சிரிக்கிறவளுக்கு வீடே சேவகம் செய்கிறது. மெத்தைக்காவுக்குப் பொறாமையாக இருந்தது. கண்ணைக் கரிக்கிற அளவுக்குப் பொறாமையாக இருந்தது.

கடையிலும் நிலைமை சரியில்லை. ஆட்கள் வந்து, விரிப்பைப் பிரித்துப் பார்த்து, படம் பிடித்துக்கொண்டு போய் வீட்டிலிருந்து வேறு எங்கோ வாங்கினார்கள். முதலாளி கூப்பிட்டு, மாதம் முடிந்ததும் இரண்டு பிரிவில் ஒன்றுதான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். எதிரே திரைச்சீலைப் பிரிவு. எது அதிகம் விற்கிறதோ அது தங்கும், மற்றதில் நிற்கிறவள் வீட்டுக்குப் போகலாம். வீட்டில்தான் நடுக்கூடத்தைச் சின்னவள் பிடித்துவைத்திருக்கிறாளே. மெத்தைக்காவுக்கு இருந்த ஒரே நம்பிக்கை விடுதிக்காரம்மா. தங்கும் விடுதி நடத்துகிறவர். எல்லா அறைக்கும் புது விரிப்பு எடுக்கப்போகிறார். இத்தனை வருடத்தில் மெத்தைக்கா எடுத்துக் கொடுத்ததை அப்படியே நம்பி வாங்கியவர், பிரித்துக்கூடப் பார்த்ததில்லை.

ஒரு மத்தியானம், சரக்கறையில் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுச் சின்னவளின் நேரலையைத் திறந்தாள் மெத்தைக்கா. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, பார்த்தால் பொறுக்கவும் முடியவில்லை. சின்னவள் கருஞ்சிவப்பில் ஒரு விரிப்பைக் காட்டினாள். நல்ல சரக்கு. அடுத்த நிமிடம் கைபேசி அடித்தது. விடுதிக்காரம்மா.

“ஏம்மா, உன் ஓரகத்தி காட்டுறாளே, அந்தச் சிவப்பு, நானும் பார்த்துட்டிருக்கேன். அறைக்கு அழகா இருக்கும். எடுக்கலாமா?”

மெத்தைக்காவின் வயிற்றில் தீ வைத்ததுபோல் இருந்தது. கடைசியில் இவரையுமா?

“சாயம் போகும்மா,” என்றாள். “எங்க வீட்டுப் பொண்ணுதான், இருந்தாலும் உங்ககிட்ட மறைக்கலாமா? ரெண்டு தண்ணி பட்டா உங்க வெள்ளைத் துண்டெல்லாம் வீணாப்போயிடும்.”

“நல்லவேளை கேட்டேன்! சாயங்காலம் கடைக்கு வரேன், நீயே எடுத்துக் கொடு.”

அதன் பிறகு மெத்தைக்காவின் கால் தரையில் பாவவில்லை. திரைச்சீலைக்காரியைப் பார்த்து அநாவசியமாகச் சிரித்தாள். விடுதிக்காரம்மா படியேறும்போதே, வழக்கம்போல இவருக்கு எது பொருந்தும் என்று கை தானாக அலமாரிக்குப் போனது. உருவி உதறி மேசை மேல் விரித்தாள்.

“பாருங்கம்மா, இதுதான் உங்களுக்கு.”

விரித்த பிறகுதான் அவளே பார்த்தாள். கருஞ்சிவப்பு. கடைக்கும் சின்னவளுக்கும் சரக்கு போடுவது ஒரே மொத்த வியாபாரி என்பது ஜெயித்த குஷியில் மறந்துபோயிருந்தது.

“இது மத்தியானம் பார்த்ததுதானே?” என்றார் விடுதிக்காரம்மா.

“பார்க்க அப்படித்தான் இருக்கும்மா. அது வேற சரக்கு.”

விடுதிக்காரம்மா மூலையைத் திருப்பி ஆலை முத்திரையைப் பார்த்தார். கைபேசியில் சின்னவள் போட்டிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வெள்ளைக் கைக்குட்டையை நனைத்தார்.

“சாயம் போனா நீ இப்ப ஏமாத்துற. போகலைன்னா மத்தியானமே ஏமாத்திட்ட. எதுன்னு பார்த்துடுவோம்.”

அழுத்தித் தேய்த்தார். பிழைப்பில் முதல் முறையாக, தன் சரக்கில் சாயம் போகக் கூடாது என்றுகூட மெத்தைக்காவுக்கு வேண்டத் தெரியவில்லை. போனாலும் போகாவிட்டாலும் அவளுக்குக் கெடுதல்தான்.

கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. விடுதிக்காரம்மா ஒன்றும் திட்டவில்லை. விரிப்பை அவர் கையாலேயே மடித்து ஓரமாக வைத்துவிட்டு, சின்னவளுக்குப் போன் போட்டார். பேச்சு மெத்தைக்காவுக்கும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டினார்.

“ஏம்மா, அந்தச் சிவப்பு விரிப்பு எல்லா அறைக்கும் வேணும். சாயம் நிக்குமா?”

“நிக்கும்மா,” என்றாள் சின்னவள். “ஆனா என் பேச்சை நம்பி எடுக்க வேணாம். கடையில எங்க அக்கா இருக்காங்க, அவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. எங்க அக்கா பொய் சொல்ல மாட்டாங்க.”