அண்ணையின் ஸ்கோப் என் அலமாரியில்

அண்ணை போய்விட்டார்... மாரடைப்பாம். டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு கட்டும் கிச்சனில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர்.

போன் வந்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவருடைய முகம் இல்லை. அவருடைய ஸ்கோப். சீ... நானும் ஒரு மனுசனா!

துவக்குக்கு மேலே பூட்டுகிற தூரக் கண்ணாடி. அவருடையது ஜெர்மன்காரன் செய்தது, என்னுடையது ஜப்பான். எது திறம் என்று நாங்கள் பிடிக்காத சண்டை இல்லை.

இரண்டு பேரிடமும் லைசன்ஸ் இருந்தது. சுடுவது கடதாசிக்கு மட்டும்தான்.

ஞாயிறு பூசை முடிய சுட்டுப் பழகுகிற ரேஞ்சுக்குப் போவோம். தமிழ்க்கடை நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, நூறு மீற்றருக்கு அங்கால் ஒட்டிவிட்டு, பொழுதுபடும்வரை இரண்டு ஸ்கோப்பாலும் மாறி மாறிப் பார்ப்போம்.

"தம்பி, எனக்கு இன்னும் ராகுகாலம் வாசிக்கக்கூடியதாய்க் கிடக்கு. உன்ரை ஜப்பான் என்ன சொல்லுது?"

"எனக்கும் தெரியுது அண்ணை." ஒரு மண்ணும் தெரியவில்லை.

ஸ்கோப்பில் குறியை நகர்த்துகிற குமிழைப் பத்துக் கிளிக் கூட்டி, பிறகு பத்துக் கிளிக் குறைத்துச் சுடுவார். பழைய ஓட்டையிலேயே போய் விழும். "காசு குடுக்கிறது இதுக்குத்தான் தம்பி" என்பார். எனக்கு வயிறு எரியும்.

அண்ணையின் மனுசி, அக்காவுக்குத்தான் இதெல்லாம் பிடிக்கவில்லை. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். என்ரை வீட்டுக்கை அது கிடக்கக்கூடாது!"

விற்றுவிட்டேன் என்று அண்ணை அவவிடம் சொல்லிவிட்டு, துவக்கு, ஸ்கோப் எல்லாவற்றையும் என் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு ஞாயிறு என்றால் அவருக்கு "ஓவர்டைம்".

அதனால்தான் இங்கே பெயர் போடவில்லை. அக்கா பேஸ்புக்கில் இல்லை. ஆளைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து வாயைத் திறந்துவிடாதேங்கோ...

திருப்பிக் கொடுத்தால் அண்ணையின் பொய் வெளியில் வரும். கொடுக்காவிட்டால் நான் கள்ளன். உண்மையைச் சொன்னால், கொடுக்க மனமும் இல்லை. அதை நினைக்கத்தான் கூசுகிறது.

நேற்று அண்ணையின் உடலைப் பார்வைக்கு வைத்த இடத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா. சுற்றி நின்றவர்களிடம் சொன்னா: "நான் ஒரு சொல்லுத்தான் சொன்னனான். ஆசைப்பட்டு வாங்கினதை எனக்காண்டி வித்துப்போட்டு வந்து நிண்டவர்."

எத்தனை பெருமை அந்த முகத்தில்...

பிறகு என்னைப் பார்த்தா. "நீங்களும் அதையெல்லாம் விட்டிட்டியள்தானே தம்பி?"

"ஓம் அக்கா" என்றேன்.

பெட்டிக்குள் படுத்திருந்த உங்களைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை அண்ணை. போயிட்டு வாங்கோ.